பல்செட் மாத்திரை: வாங்கலாமா, எப்படிப் பயன்படுத்துவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்களில், பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவர்களில் பல்செட் போடுகிறவர்கள் நிறைய. பாலிடென்ட் போன்ற நுரை மாத்திரைகளைப் பிள்ளைகள் ஃபார்மசியில் வாங்கிக் கொடுக்கிறார்கள். தாத்தாவும் ராத்திரி கிளாஸில் ஒன்றைப் போட்டுவிட்டு, செட் சுத்தமாகிவிட்டது என்று படுத்துவிடுகிறார். கோளாறே அங்கேதான்.

மாத்திரை நல்ல பொருள். கிருமியைக் குறைக்கும், வாடையைப் போக்கும், தேத்தண்ணிக் கறையை வெளுக்கும். ஆனால் ஈறில் உட்காரும் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். நுரை மட்டும் அதை எடுக்காது, தேய்த்தால்தான் போகும். வெற்றிலையும் சுண்ணாம்பும் போடுகிறவர்களின் செட்டில் கல்லாக இறுகிய காரையையும் மாத்திரை கரைக்காது. அதைக் கத்தியால் சுரண்டாமல் பல் கிளினிக்கில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் பேசினில் பாதி தண்ணீர் நிரப்புங்கள், இல்லையென்றால் ஒரு துண்டை விரியுங்கள். செட் கை நழுவி விழுந்து உடைவது அங்கேதான். மெல்லிய பிரஷில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு உள்ளும் புறமும், கம்பி இருந்தால் கம்பியின் அடியிலும் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம். அதிலுள்ள நறநறப்பு பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கிருமி அதற்குள் குடியேறும்.

அதற்குப் பிறகுதான் மாத்திரை. செட் முழுக்க மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீர் ஊற்றினால் செட் கோணிப்போய் மறுநாள் வாயில் உட்காராது. எத்தனை நிமிடம் என்பது வகைக்கு வகை மாறும், பெட்டியைப் பாருங்கள். எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசாமல் வாயில் வைக்கவே கூடாது. துணி வெளுக்கும் குளோரோக்ஸில் ஊறவைக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அது கம்பியை அரிக்கும், செட்டின் இளஞ்சிவப்பு ஈறுப் பகுதியை வெளுக்கும்.

தூங்கும்போது செட் வாயில் இருக்கக் கூடாது, காய்ந்து போகவும் விடக் கூடாது. வெறும் தண்ணீரிலேயே வைக்கலாம். இரவும் பகலும் கழற்றாதவர்களுக்கு, செட் மூடியிருக்கும் மேலண்ணம் கேண்டிடா பூஞ்சையால் சிவந்துபோகும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். பெரும்பாலும் வலிக்காது என்பதால் பாட்டிக்கே தெரியாது. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

செலவு கட்டுப்படியாகவில்லையா? மாத்திரையை விடுங்கள், பிரஷை விடாதீர்கள். கை நடுங்குகிறவர்கள், மூட்டுவலியால் பிரஷைப் பிடிக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டில்தான் மாத்திரைக்குக் கொடுக்கும் வெள்ளி தகும். அங்கேயும் தேய்த்துவிட ஓர் ஆள் வேண்டும்.

ஞாபகமறதி உள்ளவர்கள் இருந்தால் பெட்டியை மருந்துகளோடு சேர்த்து வைக்கவே வேண்டாம். விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். பல மாத்திரைகளில் உள்ள பெர்சல்ஃபேட் என்ற வெளுக்கும் ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். 2008இலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதைப் பற்றி எச்சரித்தது. ஈறு எரிந்தாலோ, தோல் தடித்தாலோ, மூச்சு இறுகினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பல்லே இல்லை, எதற்குப் பல் கிளினிக் என்று கேட்கும் பெரியவர்களை, முக்கியமாக வெற்றிலை பாக்கு போடுகிறவர்களை, வருடம் ஒருமுறையாவது கூட்டிப் போங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ கண்ணில் பட்டால் அடுத்த தவணைக்காகக் காத்திருக்க வேண்டாம்.