ஒரே முதலை, மூன்று புத்தகம்

பஞ்சதந்திரப் படப் புத்தகம் சேர்க்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் குரங்கு–முதலை கதையைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். கும்பகோணத்துக்காரனை இதில் ஏமாற்ற முடியாது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு. நாவல் பழம் தின்று நாக்கு ஊதாவாகாத பிள்ளையும் இங்கே இல்லை.

இப்போது எங்கும் கிடைப்பது கெட்டி அட்டை, வழவழத் தாள், நூற்றுச் சொச்சம் கதை கொண்ட பெரிய புத்தகம். என் வீட்டில் இருக்கும் ஒன்றில் நாவல் மரத்தில் ஆப்பிள் காய்க்கிறது. முதலைக்கு டை கட்டியிருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். முதலையின் மனைவி குரங்கின் இதயத்தைக் கேட்கிற இடத்தில், "உன் நண்பனைப் பார்க்க ஆசை" என்று மாற்றிவிட்டார்களே! பிறகு எதற்கு அந்தக் குரங்கு, "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேன்" என்று புளுக வேண்டும்? பஞ்சதந்திரத்தில் இந்தக் கதை வரும் நான்காம் பகுதியின் பெயரே லப்தப்பிரணாசம், கையில் கிடைத்ததைக் கோட்டை விடுவது. கோட்டை விட இதில் எதுவுமே இல்லை.

அமர் சித்திரக் கதை மாதிரி மெல்லிய புத்தகங்கள் பரவாயில்லை. 1967-இல் அனந்த் பை தொடங்கிய வரிசை அது. கட்டம் கட்டமாகப் போவதால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின் அடித்த எந்தப் புத்தகமும் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும். பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள்.

என் ஓட்டு, பழைய அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்த வால்யூமுக்கு. 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் பத்திரிகை அது. சங்கர் வரைந்த விக்கிரமனைப் பாருங்கள்: தோளில் பிணம், கையில் வாள், நடையில் அவசரம். படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முழுக்க நீதிக்கதை இல்லையே என்பார்கள். இல்லைதான், எனக்குக் கவலையில்லை. வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். பைண்டர் தாராளமாக வெட்டியிருந்தால் படத்தின் விளிம்பும் போயிருக்கும். அதற்கு உதிரி இதழ்களே மேல்.

(கதைப் புத்தகப் பைத்தியம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. சரபோஜி மன்னர் 1806-லேயே ஈசாப் கதைகளை மராத்தியில் 'பாலபோத முக்தாவளி' என்று தம் அச்சகத்தில் அடித்தவர்.)

பீரோவில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் எடுத்துத் திண்ணை நிழலில் விரியுங்கள். நேர் வெயில் ஆகாது, அட்டை வளைந்துவிடும்.