வரவேற்பு மேசைக்கு உருளியா, கண்ணாடிச் சாடியா?

சாயங்காலக் கல்யாண வரவேற்புக்கு வட்ட மேசை என்று முடிவாகிவிட்டது. நடுவில் எதை வைப்பது என்பதில்தான் பல வீடுகளில் இரண்டு கட்சி. பூ மிதக்கும் பித்தளை உருளி ஒன்று. ரோஜாவும் ஜெர்பராவும் செருகிய உயரமான கண்ணாடிச் சாடி மற்றொன்று.

செலவு
உருளி: வாடகைக்குக் கிடைக்கும். செவ்வந்தி, சம்பங்கியை எடைக்கு வாங்கலாம்.
சாடி: ஓசூர்ப் பூவானாலும் கட்டுக் கணக்கில்தான் விலை, அலங்காரக் கூலி தனி.
முகூர்த்த நாளில் இரண்டுமே எகிறும்.

கலையாமல், வாடாமல் நிற்பது
உருளி: உதிர்த்த இதழ்கள் மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். முழுச் செவ்வந்தியைக் காம்பு ஒட்ட நறுக்கி, நெருக்கமாக மிதக்கவிட்டால் நகராது.
சாடி: தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஜெர்பராவுக்குத் தண்ணீர் குறைவாக இருக்கட்டும்; அதிகமானால் தண்டு அழுகித் தலை தொங்கிவிடும். பச்சை நுரைக்கட்டியில் செருகுவது சுலபம்தான், ஆனால் அது மக்காத பிளாஸ்டிக்.

மேசை வசதி
உருளி: எதிரே இருப்பவர் முகம் தெரியும். குழந்தைகள் கைவிட்டு அளைவார்கள், அதைத் தடுக்க முடியாது.
சாடி: பூக்கொத்து கண் மட்டத்தில் நின்றால் பேச்சே நடக்காது. ஓர் அடிக்குள் அடக்குங்கள், அல்லது இரண்டடிக்கு மேல் தூக்குங்கள்.

எதில் வைத்தாலும் மல்லிகை வேண்டாம். அதன் மணம் பிரியாணியோடு மல்லுக்கு நிற்கும்.

தாழ்ந்த கூரை, சாப்பாடும் அரட்டையும் ஒரே மேசையில் என்றால் உருளி. உயர்ந்த கூரையுள்ள பெரிய மண்டபம், புகைப்படம்தான் முக்கியம் என்றால் சாடி.