சுவருக்குள் விட்டுப்போன ஒன்றரை அடி

போன வியாழக்கிழமை பாத்ரூம் சுவரை நாலாவது தடவையாக உடைத்தோம். அன்று சாயந்திரமே அம்மாப்பேட்டையிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, எங்க வீட்லயும் ஜி.ஐ. லைன் போயிருச்சு. உங்க பிளம்பர் நம்பர் அனுப்புங்க." சரி என்று வைத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

எங்களுடையது சேலம் குகைப் பகுதியில் 1981இல் மாமனார் கட்டிய வீடு. லைன் பூராவும் சுவருக்குள்ளே போகும் அரை இன்ச் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். 2019இல் அதை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப் போட்டோம். வேலை செய்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன். இந்த ஆறு வருடத்தில் அவர் வேலையை நான் தினமும் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் அவருடைய நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் ஏர் லாக். மொட்டை மாடி டேங்க் காலியாகி மறுபடி நிரம்பினால், பழைய லைனில் காற்று அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கும், குழாயில் சொட்டுக்கூட வராது. என் கணவர் கீழ்க்குழாயில் ஹோஸ் பைப்பைச் சொருகி வாயால் உறிஞ்சுவார். காலையில் இப்படி ஆனால் ஸ்கூல் பஸ் போய்விடும். இந்த அண்ணன் வந்ததும் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காகப் பைப்பை மேலே ஏற்றி இறக்கியிருந்தார்கள். "இந்தக் கூனுலதாம்மா காத்து உக்காருது" என்றார். சுவரில் துளை போட்டு லைனைச் சரிவாகவே கீழே கொண்டுபோனார். டேங்க் வால்வைத் தாண்டியதும் டீ என்ற T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, டேங்க்கை விட உயரமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்தி, குப்பை விழாமல் இருக்க அதன் வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட ஏர் லாக் ஆனதில்லை. மேலே துணி காயப்போடும்போது அந்தக் குழாயைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

துருப்பிடித்து இறுகிப்போன கேட் வால்வை எல்லாம் எடுத்துவிட்டு பால் (ball) வால்வு போட்டார். அடுப்படிக்குத் தனி, பாத்ரூமுக்குத் தனி. ஒன்றில் ரிப்பேர் என்றால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீருக்கு ஒரு லைன், போர்த் தண்ணீருக்கு ஒரு லைன் என்று பிரித்து, பக்கத்தில் பெயிண்டால் எழுதியும் வைத்தார். மோட்டார் பக்கத்தில் யூனியன் என்ற கழற்றி மாட்டும் இணைப்பு போட்டதால், கழற்ற வேண்டி வந்தால் பைப்பை அறுக்க வேண்டாம். இத்தனை பொறுப்பாக வேலை பார்க்கிறவர்கள் குறைவு.

இவ்வளவு செய்தவர் ஷவருக்குப் போகும் ஒன்றரை அடி பழைய பைப்பை மட்டும் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டார்.

அதன் மேல் இருந்தது பழைய நீல டைல். உடைத்தால் அதே மாதிரி கிடைக்காது. மாமியாரும் வேண்டாம் என்றார். நான்தான் கேட்டேன், "அண்ணா, அது தாங்குமா?" "விடுங்கம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். பைப் முனையை அறுத்து, டை என்ற கருவியால் புது மரை வெட்டி, பித்தளை மரை வைத்த சி.பி.வி.சி. அடாப்டரை முறுக்கினார். புது லைன் ஒழுகுகிறதா என்று டெஸ்ட் பம்ப்பால் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். இந்தத் துண்டை இணைத்தது அதற்குப் பிறகு.

2021இல் பாத்ரூமுக்குப் பின்பக்கம், படுக்கையறைச் சுவரில் ஓதம். உடைத்து, டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றினார். அடுத்த வருடம் மறுபடி. இந்தத் தடவை சணலும் பெயிண்டும். மூன்றாவது தடவை ஆடிப் பண்டிகையில், அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை பார்க்க வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று. பெயிண்ட் உப்பி, சுண்ணாம்பு பாயில் கொட்டியது. சின்னப் பிள்ளைகளைக் கூடத்தில் நெருக்கிப் படுக்க வைத்தோம். கூப்பிட்டபோதெல்லாம் வந்தார், கூலி வாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்று தடவையும் அந்தத் துண்டைக் கழற்றவில்லை.

வியாழக்கிழமை நான் பிடிவாதமாக நின்று அதை வெளியே எடுக்க வைத்தேன். இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. வெளியே துத்தநாகப் பூச்சு இன்னும் சாம்பல் நிறத்தில் நன்றாகவே தெரிகிறது. உள்ளே துருவும் போர்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து கட்டிகட்டியாக வளர்ந்து, பென்சில் நுழைய இடமில்லை. மரை வெட்டிய முனையை ஆணியால் குத்தினேன். அப்பளம் மாதிரி பொத்துக்கொண்டது. மரை வெட்டுவது என்றால் இரும்பைச் சீவி எடுப்பது. நாற்பது வருடம் உள்ளேயிருந்து அரித்த பைப்பில் வெளியேயும் சீவினால் என்ன மிச்சமிருக்கும்? டேப்பும் சணலும் மரை இடுக்கைத்தான் அடைக்கும். பைப்பே ஓட்டையானால் எதைச் சுற்றி என்ன? இது எனக்குத் தெரியாமல் இருந்தது நியாயம். முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா?

எங்கள் டேங்க் ஷவருக்கு மேலே எட்டடி உயரத்தில்தான் இருக்கிறது. கால் கிலோ பிரஷர்கூட முழுதாக இல்லை. அதற்கே தாங்காத பைப் அது.

நாத்தனாருக்கு நேற்று ராத்திரி போன் செய்தேன். நம்பர் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காற்றுக் குழாயையும் வால்வுகளையும் பற்றி நானே அவளிடம் பல தடவை புகழ்ந்திருக்கிறேன், அதனால் அவளுக்கு ஆச்சரியம். "வேற யார்கிட்டயாவது வாங்கிக்குவேன் அண்ணி" என்றாள். வாங்கிக்கொள்ளட்டும். அவர் வந்தால் மாடி வேலையை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடு, சுவர் வேலையின்போது பக்கத்திலேயே நில், பழைய பைப்பில் டையை வைத்தாரென்றால் கையைப் பிடித்து நிறுத்து என்றேன். துண்டின் போட்டோவையும் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.