மார்பில் சந்தேகக் கட்டி: கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐயா, ஊசி பயாப்சியா?

டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்களில், மார்பில் கட்டி என்றதும் "எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டால் தெரிந்துவிடுமே" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் முடிந்து ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 4 அல்லது 5 (புற்றுச் சந்தேகத்தைக் காட்டும் தரநிலை எண்) என்று வந்திருந்தால், கட்டியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுக்கும் பயாப்சியைத் தள்ளிப்போடவே கூடாது என்பேன். புற்றுநோய்தானா என்று உறுதியாகச் சொல்வது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சதைத் துணுக்குத்தான். மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

அப்புறம் எம்.ஆர்.ஐ எதற்கு? கை நரம்பில் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை, அதாவது படத்தில் பளிச்சென்று தெரியவைக்கும் மருந்தை, ஏற்றுவார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை கசியும் குழாய்கள், அதனால் மருந்து அங்கே சீக்கிரம் சேரும். மருந்து ஏறிய முதல் இரண்டு நிமிடத்திலேயே ஓர் இடம் பளிச்சிட்டு, சீக்கிரமே மங்கினால் சந்தேகம் கூடும். மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. ஆனால் சாதாரணக் கட்டியும் சில சமயம் பளிச்சிடும், தேவையில்லாத பயத்தைக் கிளப்பும்.

அடர்த்தியான மார்பில் மேமோகிராம் தவறவிடுவதை இது பிடிக்கும். லோபுலர் வகைப் புற்று (பால் சுரப்பியில் தொடங்குவது) எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அக்குள் நெறியில் புற்று இருந்தும் மார்பில் மூலம் தெரியவில்லை, அறுவைக்கு முன் கொடுத்த கீமோ வேலை செய்கிறதா என்ற கேள்விகளுக்கு எம்.ஆர்.ஐதான் கை கொடுக்கும். நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளுக்கோ மேமோகிராம்தான்.

மேமோகிராமுக்கும் எம்.ஆர்.ஐக்கும் நடுவே கான்ட்ராஸ்ட் மேமோகிராம் ஒன்று உண்டு. அயோடின் மருந்து, பத்து நிமிடத்துக்குள் படம் முடியும். எக்ஸ்ரே கதிர் படும், இந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது. எம்.ஆர்.ஐ குழாய்க்குள் படுக்க முடியாதவர்களுக்கு நல்ல வழி.

எம்.ஆர்.ஐக்குக் குப்புறப் படுத்து அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். தாலி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். மனசு கேட்காதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம், அதில் உலோகம் எதுவும் கோத்திருக்கக் கூடாது. மாதவிடாய் வருபவர்களுக்கு 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவு. புற்று உறுதியாகிவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நம் சனத்தில் சர்க்கரை நோய் அதிகம், அதனால் சிறுநீரகம் எப்படி என்று முன்பே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். கர்ப்பம், பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) முன் அனுமதி கேட்கும்போதே இன்னொன்றும் விசாரியுங்கள்: எம்.ஆர்.ஐயில் மட்டும் ஏதாவது தெரிந்து, திரும்ப எடுக்கும் அல்ட்ராசவுண்டில் அது அகப்படாவிட்டால், எம்.ஆர்.ஐ பார்த்தபடியே பயாப்சி எடுக்க வேண்டிவரும். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது.