எங்கள் பங்கின் புதுநன்மைத் தயாரிப்பு வகுப்பு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) அருட்சகோதரிகள் நடத்தும் புதுநன்மை வகுப்பை, அதாவது பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை (இயேசுவின் உடலாக நாங்கள் நம்பும் அப்பம்) வாங்கத் தயாரிக்கும் வகுப்பை, பெற்றோருக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ ஏழு வயதில், புத்தி விவரம் தெரிந்ததும் பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம் என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வகுத்த நெறியின் கருத்தை இவர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். செபங்களை ஒப்பிக்கச் செய்வதோடு நிறுத்தாமல், பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முன் ஆன்ம சோதனை செய்யும், அதாவது தம் தவறுகளை நினைத்துப் பார்க்கும் முறையை, தம்பியை அடித்தது, அம்மாவிடம் பொய் சொன்னது எனப் பிள்ளைகளின் உலகத்திலிருந்தே விளக்குகிறார்கள். அர்ச்சிக்கப்படாத (திருப்பலியில் இன்னும் நற்கருணையாக்கப்படாத) அப்பத்தைக் கொண்டு, வலக்கையின் மேல் இடக்கையை விரித்து ஏந்தி, "ஆமென்" என்று தெளிவாகச் சொல்லி, பீடத்தின் முன்னிலையிலேயே உட்கொள்ளப் பொறுமையாகப் பழக்குகிறார்கள்.

ஒரு குறை: பெற்றோருக்கு ஒரே ஒரு கூட்டம் மட்டும் நடத்துவது போதாது. பிள்ளைகளைத் தயாரிக்கும் முதல் கடமை பெற்றோருடையது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறதே. அனைவருக்கும் ஒரே மாதிரியான எளிய வெள்ளை உடை என்று பங்குத்தந்தை முடிவு செய்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேருதவி.