ஏற்காடு வீட்டை சீசனுக்குத் தயார் செய்து கொடுத்தவர்கள் எப்படி?

போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோயம்புத்தூரில் இருந்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் எங்கள் ஹோம்ஸ்டேவுக்கு வந்து குழாயைத் திறந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. மணி ஒன்பதரை. சீசன் நேரத்தில் அந்த நேரத்துக்கு மேல் ஏற்காட்டில் வேறு ரூம் எங்கே தேடுவது? குழந்தையைக் குளிப்பாட்ட கேன் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தோம், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் தங்கமான மனிதர்கள், எங்கேயும் ஒரு வார்த்தை குறையாக எழுதவில்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இந்த வருடம் மார்ச் மாதமே சேலத்தில் இருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டேன். வாடகைக்கு விடும் வீடுகளை சீசனுக்கு முன்னால் சுத்தம் பண்ணி, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் பார்த்துக் கொடுப்பதுதான் இவர்கள் வேலை. ஐந்து பேர், மூன்று நாள், 24,000 ரூபாய். எங்கள் வீடு நாகலூர் ரோட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் பழைய ஓட்டு வீடு, மூன்று ரூம், சிவப்பு சிமெண்ட் தரை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிரச்சினையே அந்தத் தரையில்தான் வந்தது.

முதலில் தண்ணீர்த் தொட்டி. இதில் அவர்களுக்கு முழு மார்க். நிறைய பேர் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு சுத்தம் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கோடையில் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கும்போது மண்ணும் சேர்ந்துதான் வரும், அது தொட்டியின் அடியில் படிந்து கிடக்கும். தொட்டி நிறைந்திருக்கும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. வீடு நிறைய ஆள் வந்து தண்ணீர் மட்டம் கீழே இறங்கும்போதுதான் அந்தச் சேறு கலங்கி குழாய்க்குள் போகும். எங்களுக்கு நடந்ததும் இதுதான். இவர்கள் இரண்டு தொட்டியையும் முழுசாகக் காலி பண்ணி, சேற்றை பம்ப் வைத்து இழுத்து, உள்ளே தேய்த்து, பிளீச்சிங் போட்டு ஊற விட்டு, அப்புறம் இரண்டு தடவை அலசினார்கள். மூடியைக் குரங்கு திறக்காதபடி கட்டுக்கம்பியால் கட்டியும் கொடுத்தார்கள். இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கம்பியின் அருமை தெரியும்.

எலக்ட்ரிக் வேலைக்கு வந்த பையன் தங்கமான பையன். கீசரைக் கழற்றி ஹீட்டிங் காயிலில் ஒட்டியிருந்த வெள்ளை உப்பைச் சுரண்டினான், ஒன்றில் காயில் போயே போய்விட்டது என்று பழையதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதியது போட்டான், கடை பில்லும் தந்தான். இதைவிட முக்கியமாக, ஒரு பாத்ரூம் கீசருக்கு எர்த் கனெக்‌ஷனே இல்லை என்று கண்டுபிடித்தான். எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ, எத்தனை குழந்தைகள் அங்கே குளித்தார்களோ, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எர்த் குழி காய்ந்து கிடந்தால் வேலை செய்யாது, கோடையில் அப்பப்போ அதில் தண்ணீர் ஊற்றுங்கள் அண்ணா என்றும் சொல்லிவிட்டுப் போனான். ஏற்காட்டில் வீடு விடுகிற எல்லோரும், வேறு எதை விட்டாலும் இதை ஒரு தடவை செக் பண்ணிவிடுங்கள்.

கூரை வேலையும் சுத்தம். சில்வர் ஓக் மரம் இந்த நேரத்தில்தான் இலையைக் கொட்டும், ஓட்டின் ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய் முழுக்க அடைத்திருந்தது. அதை அள்ளி, உடைந்த இரண்டு மங்களூர் ஓட்டையும் மாற்றினார்கள். ஏப்ரல் கடைசியில் இடியோடு கோடை மழை அடித்தபோது உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன்.

மெத்தையை ஆவி மெஷின் வைத்துச் சுத்தம் பண்ணினார்கள். நல்ல மெஷின், அழுக்கு எவ்வளவு வந்தது என்று காட்டினார்கள். ஆனால் ஆரம்பித்தது சாயங்காலம் நான்கு மணிக்கு. சேலத்து வெயிலில் மெத்தையை மாடியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், மலை மேலே அப்படி இல்லை, சூரியன் மரத்துக்குப் பின்னால் போனதும் காற்றிலேயே ஈரம் வந்துவிடும். ஈரத்தோடு கட்டிலில் போட்டு விரிப்பையும் விரித்துவிட்டார்கள். காலையில் மூன்று ரூமிலும் பூஞ்சண வாடை. நல்லவேளை கெஸ்ட் யாரும் இல்லை. போன் பண்ணியதும் மறுபேச்சு பேசாமல் இரண்டு பேரை அனுப்பினார்கள், பகல் முழுக்க வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுக் காய வைத்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. நீங்கள் கூப்பிட்டால் மெத்தை வேலையைக் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

தரை விஷயம் அப்படிச் சரியாகவில்லை. பாத்ரூம் டைல்ஸுக்குக் கொண்டு வந்த ஆசிட்டை, ஹாலில் கறை இருக்கிறது என்று சிவப்புத் தரையிலும் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஓடி வந்து, "தம்பி தம்பி, இந்தத் தரைக்கு ஆசிட் ஆகாது, சிமெண்டை அரிச்சிரும்" என்று கத்துவதற்குள் ஒரு பாய் அளவுக்கு வெளுத்துவிட்டது. அந்தத் தரை என் தாத்தா காலத்தில் போட்டது. கையால் இழைத்து இழைத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். கொத்தனாரைக் கூட்டி வந்து தேய்த்து மெழுகு போட்டுப் பார்த்தேன், நிறம் ஓரளவு வந்தது, பளபளப்பு வரவில்லை. குழுவின் தலைவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு 3,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பழைய வீட்டு வேலைக்கு வரும் ஆட்களுக்கு டைல்ஸ் எது, சிமெண்ட் தரை எது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்குத் தனி லாரி, தனிக் காசு, 4,500. குழாய் விட்டு மெஷினால்தான் உறிஞ்ச வேண்டும், ஆள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. அவர்களும் அப்படித்தான் செய்வோம் என்றார்கள், செய்தார்கள்.

விரிப்பு, தலையணை உறை எல்லாம் வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். எல்லாம் வெள்ளை. செம்மண்ணில் விளையாடிவிட்டு வரும் குழந்தைகள் ஏறிக் குதித்தால் அந்த வெள்ளை ஒரு வாரம் தாங்காது. சென்னிமலை விரிப்பில் அடர் நிறமாகப் பார்த்து வாங்கினேன். கட்டிலுக்கு மூன்று செட் போதும் என்பார்கள், ஒன்று விரிப்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மே மாத மழையில் துணி காய இரண்டு நாள் ஆகிறது, அதனால் இங்கே நான்கு வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், குப்பை மூட்டைகளை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். ராத்திரி காட்டெருமை வந்து போகிற இடம், வேனிலேயே ஏற்றி அனுப்பினேன்.

சீசன் முடிந்துவிட்டது. கோடை விழா நாள்கள் உட்பட ஏப்ரல் பாதியில் இருந்து மே கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட தண்ணீரைப் பற்றியோ கீசரைப் பற்றியோ புகார் வரவில்லை. கொடுத்த காசுக்கு அது எனக்குப் பெரிய விஷயம். அடுத்த வருடத்துக்கும் இவர்களிடமே சொல்லி வைத்துவிட்டேன், பிப்ரவரி கடைசி வாரம், அதுவும் வார நாளில், ஏனென்றால் சனி ஞாயிறில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், வேன் மேலே வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஹால் தரையை மட்டும் அக்காவும் நானும் துடைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.