பேனா ரீஃபில் நுழையும் இடைவெளி: ஒல்லி சிபியுவில் கிராஃபிக்ஸ் கார்டு, 18 மாதம் கழித்து

கூடப் படித்த நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மச்சி, ரிச்சி ஸ்ட்ரீட்ல உன் சிஸ்டம் மாதிரியே ஒரு சின்ன சிபியு பாத்து வச்சிருக்கேன். நீ போட்டிருக்கிற ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டும் இப்ப விலை கொறச்சு தராங்களாம். எடுத்துடவா?" போனில் ரெண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவனுக்காக எழுத உட்கார்ந்தது, இவ்வளவு நீண்டுவிட்டது.

என்னுடையது பலரும் பார்த்த ரகம்தான். ஏதோ ஒரு ஆபீசில் சில வருஷம் உழைத்துவிட்டு ரீஃபர்பிஷ்டு கடைக்கு வந்த ஒல்லி டெஸ்க்டாப். ஐ5-8500 புராசஸர், 16 ஜிபி ரேம், உள்ளே கரண்ட் கொடுக்கும் 200 வாட் எஸ்எம்பிஎஸ் பெட்டி. எனக்குத் தொழில் கச்சேரி வீடியோ எடிட்டிங். ஸ்ரீரங்கத்தைச் சுற்றியுள்ள சபாக்கள், கோயில் உற்சவங்கள். ரெண்டு கேமரா, 4கே, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருள். புராசஸரோடு வரும் கிராஃபிக்ஸில் கலர் திருத்த மூன்று நோடு, அதாவது மூன்று படி, போட்டால் போதும், டைம்லைன் திக்கித் திக்கித்தான் நகரும்.

ஒல்லி சிபியுவுக்குக் கார்டு தேடும்போது எல்லாரும் முதலில் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை கரண்ட். கார்டுக்கென்று தனி வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வராது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் பிழைக்க வேண்டும். "எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் போர்டில் எஸ்எம்பிஎஸ் வயர் மாட்டும் வழக்கமான 24 பின் கனெக்டரே கிடையாது. கம்பெனி தன் வசதிக்குச் செய்துகொண்ட சின்ன கனெக்டர், அதற்கேற்ற வேறு உருவத்தில் ஒரு எஸ்எம்பிஎஸ். வெளியில் வாங்கும் எதுவும் அந்த இடத்தில் உட்காராது.

மீதி இருந்த வழிகள் கொஞ்சம்தான். ஆர்எக்ஸ் 6400 கார்டு வெறும் 53 வாட், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் வீடியோ என்கோடர் அதில் கிடையாது, எடிட்டிங் செய்கிறவனுக்கு அது பாதிக் கார்டு. போதாததற்கு அது ஸ்லாட்டில் தகவல் போகும் பாதைகளில், லேன் என்பார்கள், நாலில் மட்டும் ஓடுவது. என்னைப் போல பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு அதிலும் பாதி வேகம்தான். ஜிடி 1030-இலும் என்கோடர் இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 நல்ல கார்டு, ஆனால் அதன் மெமரி 4 ஜிபிதான். ரிசால்வில் 4கே ஓட்டியவர்களுக்கு அந்த 'ஜிபியு மெமரி ஃபுல்' எச்சரிக்கையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கடைசியில் நின்றது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி, லோ புரோஃபைல் என்கிற உயரம் குறைந்த ரகம். 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட், தனி வயர் தேவையில்லை. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அது 130 வாட். பில் போடும் முன் அட்டைப்பெட்டியில் 6 ஜிபி என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மாட்டியது பத்து நிமிஷ வேலை. கார்டின் பின்பக்க நீளத் தகட்டைக் கழற்றி, பெட்டியோடு வந்த குட்டைத் தகட்டை முடுக்கி, ஸ்லாட்டில் அழுத்தினேன். மானிட்டர் வயரைக் கார்டுக்கு மாற்றினேன். முதல் தடவையிலேயே படம் வந்தது.

முதல் வேலையாகப் போட்டது ரெண்டு மணி நேரக் கச்சேரி ஒன்று. முன்பெல்லாம் இரவு எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தால் ஆறு மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மிருதங்கக்காரரின் பட்டு வேட்டி நிறத்தைத் திருத்தும்போது படம் நிற்காமல் ஓடியதை நான் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கார்டைப் பற்றி என்ன திட்டினாலும் அந்தச் சாயங்காலத்தை நான் மறுக்க மாட்டேன். இன்றைக்கும் என் வருமானத்தில் பாதி இதனால்தான்.

இனி அந்த ஃபேன்.

என் சிபியுவில் கார்டின் ஃபேன் எஸ்எம்பிஎஸ்ஸின் தகரச் சுவரைப் பார்த்து நிற்கிறது. நடுவில் எவ்வளவு இடம் என்று ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேனா நுழையவில்லை. பேனாவைப் பிரித்து ரீஃபிலை மட்டும் விட்டேன், போனது. அந்த இடுக்கில்தான் அது காற்றை இழுக்க வேண்டும். சூடு குறைவாக இருந்தால் ஃபேன் நின்றுவிடும்படி கார்டைச் செய்திருக்கிறார்கள். விசாலமான கேபினட்டில் அது நல்ல வசதி. இங்கே நின்ற ரெண்டு நிமிஷத்தில் சூடு ஏறும், ஃபேன் எடுத்த எடுப்பில் வீறிடும், இருபது வினாடியில் ஆறும், நிற்கும். மறுபடி ரெண்டு நிமிஷம். திருச்சி மே மாதத்தில் ரெண்டு நிமிஷம்கூட இல்லை.

வேறு தொழில் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. எனக்கு வேலையே காதில்தான். ஒரு கல்யாணி ஆலாபனை எடிட் செய்துகொண்டிருந்தேன். பாடகர் மூச்சு வாங்க நிறுத்துகிறார், தம்புரா மட்டும் ஓடுகிறது, அந்த இடத்தில் மெல்லியதாக ஒரு கீச்சு. மைக் கோளாறு என்று நினைத்தேன். ரெண்டு சாயங்காலம் அந்தக் கீச்சைத் தேடி, சுத்தமாக இருந்த ரெக்கார்டிங்கில் நாய்ஸ் ஃபில்டர் போட்டு அனுப்பிவிட்டேன். வித்வான் மறுநாள் கூப்பிட்டார். "தம்பி, தம்புரா ஏன் தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்குது?" அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கீச்சு அப்போதும் வந்தது, மேஜைக்குக் கீழேயிருந்து. ஃபில்டரை எடுத்துத் திரும்ப அனுப்பினேன். அந்த மனிதர் அறுபது வருஷமாகச் சேர்த்த சுருதியை ஒரு சின்ன ஃபேனுக்காகக் கெடுத்தேனே என்பது இன்னும் ஆறவில்லை.

ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபேனை நிற்கவே விடாமல் 35 சதவீதத்தில் வைத்தேன். கார்டு இழுக்கும் கரண்டுக்கான பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கினேன். எக்ஸ்போர்ட்டில் சில நிமிஷம் கூடியது, அவ்வளவுதான். சத்தம் ஒரே சீராக மாறியது. சீரான சத்தத்தைக் காது ஒதுக்கிவிடும், விட்டு விட்டு வருவதைத்தான் ஒதுக்காது. பக்க மூடியைத் திறந்தும் வைத்துப் பார்த்தேன். சத்தம் பாதியானது. ஆனால் ஒரு வாரத்தில் தூசி படிந்தது, அம்மா உள்ளே பல்லி போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள், மூடிவிட்டேன்.

பதினான்காம் மாதம் ஃபேன் கரகரத்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 19 நாள். அந்த 19 நாளில் ஒரு பிரம்மோற்சவ வேலை கைவிட்டுப் போனது. புது ஃபேனும் அதே ஃபேன்தான், அதே ரீஃபில் இடைவெளிதான்.

நியாயமாகப் பார்த்தால் கார்டைக் குறை சொல்ல முடியாது. 70 வாட்டில் இவ்வளவு வேலை செய்வதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். சிபியுவையும் சொல்ல முடியாது, அது கணக்கு எழுதவும் மெயில் பார்க்கவும் செய்தது. ரெண்டும் தனித்தனியாக நல்ல பொருள்கள். இடுக்கில் ரெண்டையும் சேர்த்தது நான். சேர்க்கலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தது கார்டு கம்பெனி. லோ புரோஃபைல் என்று உயரத்தை மட்டும் எழுதினால் போதுமா? பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் காற்றுக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் 18,500 ரூபாயை வேறு மாதிரி செலவழித்திருப்பேன்.

அதனால் மச்சி, அந்தச் சின்ன சிபியுவை வாங்காதே. வேகம், விலை, கரண்ட் எல்லாம் கூட்டிப் பார்த்தால் வாங்கச் சொல்லித்தான் வரும். நானும் இதை விற்கப்போவதில்லை. ஆனாலும் நீ வாங்காதே. அந்தக் காசில் பழைய டவர் கேபினட் சிஸ்டம் ஒன்று எடுத்து, இதே கார்டை அதில் போடு. மேஜைக்குக் கீழே கொஞ்சம் இடம் அடைக்கும், அடைக்கட்டும். நம்பிக்கை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஆஃப்டர்பர்னரை நிறுத்திவைக்கிறேன், அந்தத் தம்புரா இடம் வரும் பத்து நிமிஷத்தைப் போடுகிறேன், உட்கார்ந்து கேள்.